சங்கர்ராம் கட்டிய கதவு

என் வீட்டுக்காரர் சங்கர்ராம் ஓர் ஊருக்கு ராஜா. அறுபத்து மூன்று பேர் குடியிருக்கும் ஊர், கம்ப்யூட்டர் கேமுக்குள் இருக்கிறது. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் குமாஸ்தா வேலை போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான். மரம் வெட்டச் சொல்வார், வீடு கட்டச் சொல்வார், யாருக்குப் பசிக்கிறது என்று பார்த்துச் சோறு போடுவார். இங்கே கேஸ் தீர்ந்தால் மூன்றாம் நாள்தான் அவருக்குத் தெரியும்.

நான் கங்கா, மாவு அரைத்து விற்கிறேன். ஃபோர்ட் கொச்சியில் நாலு ஹோட்டலுக்கு தினமும் என் இட்லி மாவுதான். அத்தனைக்கும் ஒரே கிரைண்டர். அமாவாசை, பௌர்ணமி வந்தால் காயல் தண்ணீர் கால்வாயில் ஏறி, அடுக்களைச் சாக்கடைக் குழாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் கிரைண்டரை இடுப்புயரக் கல்மேடையில் வைத்திருந்தேன். அது நனைந்தால் என் பிழைப்பு போச்சு.

போன மாதம் ராஜாவின் ஊரிலும் வெள்ளம். நெல் சேர்த்து வைத்த நிலவறையில் ஊற்றுநீர் சுரந்துகொண்டே இருக்கும். அது ஆற்றுக்கு வடிய ஒரு சுரங்கம் வெட்டியிருந்தார். ஆறு பெருகினால் அதே சுரங்கம் வழியாக வெள்ளம் உள்ளே வந்தது. சுரங்கத்தை அடைத்தால் ஊற்றுநீர் தேங்கி நெல் அழுகியது. மூன்று நாள் மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து வருஷமாக நான் அடுக்களையிலிருந்து உப்புத் தண்ணீர் இறைக்கிறேன், அதற்காக ஒரு கவளம் குறைத்தவரில்லை.

நாலாம் நாள் ஒரே கூச்சல்.

"கங்கா, இங்க வாடீ! சுரங்கத்து வாயில ஒரு கதவு வெச்சேன். வெளிப்பக்கம் மட்டும்தான் திறக்கும். உள்ள இருக்கற ஜலம் தள்ளித் திறந்துண்டு போயிடும். ஆறு ஏறினா அந்த ஜலமே கதவை அமுக்கி மூடிடும். எப்படி?"

"பேஷ். நம்ம அடுக்களைக் குழாய்க்கும் இதே மாதிரி ஒண்ணு வெச்சுடுங்கோளேன்."

"வாடகை வீட்டுக்கு நாம எதுக்குச் செய்யணும்? ஓனர் செய்யட்டும்."

அடுத்த பௌர்ணமி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாவு கொடுத்துவிட்டுத் திரும்பினால் வீடெல்லாம் தண்ணீர். கல்மேடை மேல் கம்ப்யூட்டர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கிரைண்டர் தரையில் இருந்தது, பாதி தண்ணீருக்குள். கட்டில் மேல் கம்ப்யூட்டரை வைத்திருக்கலாம். ஆனால் அங்கே பிளக் பாயின்ட் கிடையாது, வெள்ளத்திலும் ராஜ்யம் ஓட வேண்டுமே!

"கிரைண்டர் கல்லுதானேடீ, நனைஞ்சா என்னன்னு நெனச்சேன்" என்றார்.

பத்து வருஷம் அந்த மாவில் இட்லி தின்றவருக்கு, கல்லுக்கு அடியில் மோட்டார் இருப்பது தெரியாது.

மெக்கானிக் சுதீர் பிரித்துப் பார்த்தான். "உப்புத் தண்ணி கேறிப்போச்சு சேச்சி, இனி இது ஆகாது" என்று கையை விரித்தான். ஒரு வாரத்துக்குள் நாலு ஹோட்டலும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. நான் அழுதேன். அவர் ஊரில் அன்றைக்கு அறுவடை.

பிறகு நானே ஒரு கனமான ரப்பர் தகடும் கீலும் வாங்கி வந்து, கால்வாய் ஓரம் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். குழாய் வாயில் தகட்டை வைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார், கையில் காப்பி டம்ளரோடு.

"அப்படி இல்லேடீ. உள்பக்கமா மாட்டினா கால்வாய் ஜலம் தள்ளித் திறந்துண்டு வந்துடும். வெளிப்பக்கமா மாட்டு. கீல் மேல இருக்கட்டும். கீழ அரை விரக்கடை ரப்பர் கூட விடு, அப்பத்தான் இறுக்கிப் பிடிக்கும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அப்படியே மாட்டினேன். அடுத்த அமாவாசைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. காய்ந்த அடுக்களையில் அரைக்க ஒன்றுமில்லாமல் நின்றேன். ஒன்றும் தெரியாத மனுஷராக இருந்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன்.