ஹில்மார் ஏற்றிய கொடி

ஹில்மாரின் ஒரு கை உயர்ந்ததால்தான் எங்கள் தீவு கரைப்பக்கத்து ஊராட்சியோடு இணைந்தது. சுற்றுத் தீவுகளுக்கெல்லாம் பொதுவான பழைய மன்றத்தில் இணைப்புக்கான வாக்கெடுப்பு சரிசமமாக நின்றபோது, கவுன்சிலரான அவர், "உங்க தீவுக்குக் கப்பல் துறை கட்டித் தர்றோம்" என்ற பேச்சை நம்பிக் கையைத் தூக்கிவிட்டார், பாவி மனிதர். துறையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. மறு வருடமே, மூன்று வீட்டுக்காக அந்த வழியே போகும் பயணிகள் கப்பலை நிறுத்த முடியாது என்று புது மன்றம் கைவிரித்துவிட்டது.

அதுவரை கம்பத்தில் கொடி ஏற்றினால் கப்பல் நிற்கும். படகில் துடுப்புப் போட்டுப் போய் ஏறிக்கொள்வோம். ஹில்மாருக்கு அவமானம் தாங்கவில்லை. ஏற ஆளே இல்லாவிட்டாலும், கப்பல் தென்படும்போதெல்லாம் கொடியை ஏற்றினார். ஒருமுறை கப்பல் நின்றேவிட்டது.

"யாருய்யா ஏறணும்?" என்று கத்தினார் கேப்டன்.

"யாரும் ஏறல. நிக்குதான்னு பாத்தேன்!"

கேப்டன் திட்டிய திட்டு தீவு முழுக்கக் கேட்டது. அதன்பிறகு அந்தக் கொடியை அவர் சட்டை செய்யவே இல்லை.

"கையத் தூக்கினதும் போதும், கொடியத் தூக்கறதும் போதும் கவுன்சிலரே. காபி ஆறுது, வாங்க" என்பாள் மனைவி மாக்னா.

"நிக்க வைக்காம விடமாட்டேன்டி."

வீம்பு. வேறென்ன?

பிப்ரவரியில் மற்ற ஆண்களெல்லாம் மோட்டார் படகுகளோடு தூரத்து லோஃபோட்டன் தீவுகளுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். புயலில் தொலைபேசிக் கம்பி அறுந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து மாக்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரி கரையில். ஹில்மாரின் துடுப்புப் படகு கப்பல்வரை போகும், அந்தக் கடலில் கரைவரை போகாது.

கப்பல் வந்தது. கொடியை ஏற்றினார். பாறைமேல் நின்று மழைக்கோட்டைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். கப்பல் வேகம்கூடக் குறைக்கவில்லை.

"நின்னுச்சா?" என்று கேட்டாள் மாக்னா.

"திரும்பி வருது, மாக்னா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அடுத்த கப்பல் வந்தபோது, சாவு வீட்டு வழக்கப்படி கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. கப்பல் நின்றது. கேப்டன் தன் கொடியையும் பாதிக்கு இறக்கினார். கப்பலிலிருந்து சின்னப் படகில் ஆள் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"யாரு ஏறணும், பெரியவரே?"

"என் பொண்டாட்டிதான்" என்றார் ஹில்மார். "மெதுவாத் தூக்குங்கப்பா. அவளுக்கு வயித்துல வலி."