அறுபது பெயர்களும் ஒரு தூளியும்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கே கொலுசுச் சத்தம் கேட்டாலும் நின்றுவிடுகிறேன். பஸ்ஸில், பேக்கரியில்... ஏன் என்று சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த வாரம் என் பேச்சு. தலைப்பு — வேதங்களில் தெய்வங்களுக்கு வழங்கிய பெயர்கள். மூன்று வாரமாக நோட்டும் கையுமாக அலைகிறேன். தேவர் என்றால் ஒளிர்பவர். அதிதியின் பிள்ளைகள் ஆதித்யர்கள். புயலோடு வருபவர்கள் மருத்துகள். அசுரன் என்பதுகூட ஆதியில் வருணனுக்கே கொடுத்த மரியாதைப் பட்டம்தான்! இப்படி அறுபது பெயர் சேர்த்தாயிற்று. கிடைத்தவரிடமெல்லாம் ஒப்பிப்பதுதான் இப்போது வேலை.

அன்று மாட்டியவர் செல்வி அக்கா. என் நண்பன் முருகேசனின் அக்கா. கொடைரோடு பக்கம் அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம். பறித்த பூவை முருகேசன் பைக்கில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். அக்கா வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி மிச்ச மொட்டுகளைப் பறித்துக்கொண்டிருந்தார். மரக்கிளையில் சேலைத் தூளி. அதில் அவருடைய எட்டு மாதப் பெண் குழந்தை. நான் வரப்பில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

"இம்புட்டுப் பேரா? எல்லாரையும் கூப்பிட்டா மொதல்ல யாரு தம்பி வருவா?" என்றார் அக்கா.

ருத்ரனுக்கு வந்திருந்தேன். வேதம் பாடியவர்கள் நடுங்கிய தெய்வம். எங்கள் குழந்தையை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சுவார்கள். அந்தப் பயத்திலேயே 'சிவ' என்பார்கள் — நல்லது செய்பவனே என்று. ஓரிடத்தில் பெயரையே சொல்லாமல் 'இந்தத் தெய்வம்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். பெயரைச் சொல்வதில் அப்படி என்ன பயம்? நோட்டின் ஓரத்தில் ஒரு ஸ்மைலி வேறு போட்டு வைத்திருந்தேன்.

நிமிர்ந்தால்... தூளிக்குக் கீழே அது. படம் எடுத்து நிற்கிறது.

குழந்தையின் ஒரு கால் சேலைக்கு வெளியே. அதற்கும் இதற்கும் ஒரு சாண் இருக்குமா? கால் ஆடுகிறது. கொலுசு கிணுங்குகிறது.

"பா—" என்றேன்.

"பேரச் சொல்லாத." அக்காவின் குரல் உயரவே இல்லை. "அசையாத தம்பி."

அப்புறம் அதனிடம் பேசினார்.

"நல்லவரே... அது பச்சப்புள்ள. ஒண்ணும் தெரியாது. நீங்க உங்க வழியில போங்க, சாமி."

நான் சயின்ஸ் படித்தவன். அதற்கு நம் மொழி தெரியாது, நம்மைப் போலக் காதும் கிடையாது. ஆனால் அந்தக் குரல் எனக்குக் கேட்டதே! அந்தச் சொல்லை முழுசாகக் கத்தியிருந்தால்? நான் ஓடியிருப்பேன். அக்கா பாய்ந்திருப்பார். குழந்தை வீறிட்டுக் காலை உதைத்திருக்கும். பெயரை விழுங்குவது அது கேட்டுவிடும் என்பதற்காக இல்லையோ... நம் கைகால் நம் வசம் இருப்பதற்கோ?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படம் மெல்லச் சுருங்கியது. வரப்போரமாகவே ஊர்ந்து செடிகளுக்குள் மறைந்தது.

அக்கா போய்க் குழந்தையைத் தூக்கினார். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாகத் தடவினார். ஒன்றுமில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை அவர் மடியில் அசையாமல்தான் கிடந்தது, ஆனால் கொலுசு சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் காலைப் பிடித்திருந்த அக்காவின் கை... அப்படி நடுங்கியது.

செத்த நேரத்தில் முருகேசன் வந்தான். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான்.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கீக. என்னடா வந்துச்சு?"

அறுபது பெயர் வைத்திருக்கும் நான்தான் சொன்னேன்.

"அவரு வந்துட்டுப் போனாருடா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஸ்மைலியை அழித்தேன். இந்தப் பத்தியிலும் பாருங்கள்... பெயரை எழுதவில்லை!