மலரக்காவின் கோழிகள் மட்டும் ஏன் முட்டையிடுகின்றன?

போன கிழமை ஒரு நாள், கூடைக்குள் ஒரு கோழியை வைத்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. உள்ளே போனால் மானம் போகும். திரும்பி வந்தால் கோழி போகும். எது பெரிது?

விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

கார்த்திகையில் இவருக்கு, என் மனுஷனுக்கு, நெருப்புக் காய்ச்சல். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். தினமும் ஒரு அரை அவியல் முட்டை கொடுக்க வேண்டும் என்றார் டொக்டர். சண்டையும் தடையுமாக, மாவும் சீனியும் கடைக்கு வருவதே அதிசயமான காலம் இது. ஆனால் முட்டைக்கென்ன... வீட்டில் ஐந்து பேட்டுக்கோழிகள் நிற்கின்றனவே! தைரியமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்த கிழமையே மழை விட்டுப் பனி தொடங்கியது. கூடவே வடக்கிலிருந்து வாடைக்காற்று. எங்கள் கரவெட்டியின் மார்கழி விடியற்காலை தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை — கிணற்றுத் தண்ணீர்தான் அப்போது சூடு. ஐந்து பேடுகளும் சொல்லிவைத்தாற்போல முட்டையை நிறுத்தின. செட்டையை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் குந்திவிட்டன.

வேலிக்கு அந்தப் பக்கம், மலரக்கா வீட்டில், கொக்கரிப்பு ஓயவில்லை.

மலரக்கா நல்லவர். அதுதான் எனக்குப் பிரச்சினை. திருவெம்பாவை தொடங்கினால் பத்து நாளும் அவர் வீட்டில் மச்சமாமிசம் இல்லை. முட்டையும் அதில் சேர்த்தி. ஆகவே அவருடைய கோழிகள் இட்டதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டுவருகிற மலரக்கா அதை என் கையிலா தருவார்? நேரே இவர் கையில் வைப்பார். இவரும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கெட்டிக்காரக் கோழிகள் என்பார். இந்தப் பதினாறு வருஷத்தில் என் கோழிகளை ஒரு நாளாவது புகழ்ந்திருக்கிறாரா? என்னைத்தான் புகழ்ந்திருக்கிறாரா?

ஒரு நாள் குண்டு போடும் பொம்மர் வானத்தில் சுற்றியபோது இரண்டு வீட்டாரும் ஒரே பங்கர்க் குழிக்குள் இருந்தோம். எல்லோரும் தேவாரம் முணுமுணுக்க, மலரக்கா மட்டும் அன்று காலையில் விழுந்த முட்டையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். குண்டுப் பயத்தைவிட எனக்கு வயிற்றெரிச்சல்தான் கூடுதலாக இருந்தது. ஒளிப்பானேன்? பொறாமைதான். சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. என் மனுஷனைத் தேற்றி எழுப்புவது என் கோழிகளாக இருக்க வேண்டாமா?

போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்பதா? நானா?

வேலியில் தென்னோலைக் கிடுகு உக்கி, சின்ன ஓட்டையாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. இவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அதில் கண்ணை வைத்தேன். மலரக்காவின் கோழிக்கூட்டில் எங்களைப் பார்த்த பக்கம் தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை புதுக் கிடுகு. ஓர் ஈர்க்குப் போக இடமில்லை. ஓகோ, இதுதானா சங்கதி!

அன்று பின்னேரமே என் கூட்டை நாலு பக்கமும் கிடுகால் வரிந்து கட்டினேன். அவர் கட்டியது வெறும் கிடுகுதானே? நான் அதற்குமேல் பழைய யூரியாப் பைகளையும் வெட்டிச் சுற்றினேன். உள்ளே வைக்கோலைத் திணித்தேன். ராசாத்திகள் மாதிரிக் கிடக்கட்டும்!

மூன்றாம் நாள் கூட்டைத் திறந்தால் குப்பென்று ஒரு நாற்றம். வைக்கோல் நசநசவென்று ஈரம். கோழிகளுக்குத் தடிமன் — தும்மலும் கண்ணீருமாக நின்றன. நான் என்ன நினைத்தேன்? இன்னும் எங்கோ குளிர் நுழைகிறது என்று! மிச்சம் இருந்த ஓட்டைகளையும் பழஞ்சீலை வைத்து அடைத்தேன். மறுநாள் காலை, கூட்டத்திலேயே நல்லாக இடுகிற கறுத்தப் பேடு, வாயைத் திறந்தபடி சரிந்து கிடந்தது.

அப்படித்தான் படலைக்கு முன்னால் போய் நின்றேன். கடைசியில் கோழிதான் பெரிது என்று கூப்பிட்டேன்.

மலரக்கா கோழியை வாங்கி நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். கூட்டை எப்படிக் கட்டினேன் என்று கேட்டார். சொன்னேன். என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய கூட்டில் கிடுகு கட்டியிருந்தது ஒரே ஒரு பக்கம். எங்கள் வேலியைப் பார்த்த வடக்குப் பக்கம். மற்ற மூன்றும் காற்றுப் போகும் வெறும் சலாகை. உள்ளே உமியும் சாம்பலும் காய்ந்து கிடக்க, அவருடைய கோழிகள் சுகமாகக் கிளறிக்கொண்டு நின்றன.

"வாடைப் பக்கத்தை மட்டும் மறைச்சால் காணும் பிள்ளை. கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. அதுகளின்ரை மூச்சு வெளியாலை போகவேணும்" என்றார். கோழிகள் அடைகிற நேரத்தில் ஒரு பிடி குரக்கன் தானியம் போட்டால் விடியும்வரை உடம்பில் சூடு நிற்குமாம்.

தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில், கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு கட்டுப் புதுக் கிடுகும் கயிறும் கிடந்தன. இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

மலரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மற்ற மூண்டு பக்கத்துக்கும்தான். வேலியாலை உம்மடை கூட்டைப் பாத்தன். வாடை படாத தெக்குப் பக்கத்தையே உப்பிடிக் கட்டியிருக்கிறீர். பேப்பருக்கு எழுதிற பிள்ளை, விசயம் தெரிஞ்சுதான் கட்டியிருக்கும் எண்டு நினைச்சன். எனக்கு நித்திரையே வரேல்லை. நாளைக்குக் கட்டுவம் எண்டிருந்தன்."

ஒரு நாள் நான் பிந்தியிருந்தால்? இரண்டு வீட்டுக் கோழிகளின் கதையும் முடிந்திருக்கும். பொறாமை வந்தால் தெரியாததைக் கேட்கவும் மாட்டோம், தெரிந்ததை நம்பவும் மாட்டோம் போலிருக்கிறது. இரண்டு பேருமாகப் போய் என் கூட்டின் மூன்று பக்கத்தையும் பிரித்துப் போட்டோம். கறுத்தப் பேடு மூன்று நாள் மலரக்காவின் அடுப்படியில், கூடைக்குக் கீழே கிடந்து தேறிவிட்டது.

நேற்று என் சிவலைப் பேடு முட்டையிட்டது! கையில் எடுத்தபோது சூடாகவே இருந்தது. பக்குவமாக அவித்து, மிளகுத்தூள் தூவி, எங்கடை சிவலையின்ரை முட்டை என்று சொல்லியே இவரிடம் கொடுத்தேன். ரசித்துக் குடித்தார். வாயைத் துடைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"இஞ்சேரும், மலரக்காடை முட்டை இதைவிடக் கொஞ்சம் பெரிசு, என்ன?"

இன்றைய முட்டையை நானே குடித்துவிட்டேன்.