ஊருக்குப் போகாதவரின் விடுப்பு

மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாய். அதில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு காபி, இரவுக் காவல், வாசலில் இருந்த ஒரே எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் எல்லாம் அடக்கம். மின்சாரம் தனி, அறைக்கு ஒரு மீட்டர். சலவை தனி. செய்தித்தாள் மூன்று பேருக்கு ஒன்று. யார் முதலில் படிப்பது என்பதற்கு நான்தான் முறை வகுத்துக் கொடுத்தேன். சேரும்போது முன்பணம் ஐம்பதாயிரம். அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவார்கள். எந்த வகையில் காலி செய்கிறோம் என்பதைப் பொறுத்து அது நம் கைக்கோ வாரிசு கைக்கோ போகும்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, உள்ளே கொஞ்சம் தள்ளி இருந்தது எங்கள் முதியோர் குடியிருப்பு. முன்வரிசையில் அலுவலகமும் உணவுக்கூடமும். பின்வரிசையில் கீழும் மாடியிலுமாக அறைகள். இருபத்திரண்டு பேர் இருந்தோம். நான் கருவூலத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன். மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து லாரியில் வந்த கோப்புகளை எண்ணி இறக்கியவர்களில் ஒருவன். மனைவி போன பிறகு, மகன் புனேயில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். போய் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே யாருக்கும் எந்தப் படிவமும் நிரப்பத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. திரும்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு முதல் காபி. சர்க்கரை போடாத காபிக்குக் காசு குறைக்க வேண்டாமா என்ற விவாதம் ஒரு முறை மூன்று மாதம் நடந்தது. சர்க்கரை நோயாளிகள் பெரும்பான்மையாக இருந்தும் தோற்றோம். வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்தில் எல்லாமே விலை ஏறியது. எங்கள் சமையல்காரருக்கு உதவியாக இருந்த பெண்ணை ஒரு விருந்தினர் விடுதி இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. கீரைக்காரம்மா எங்கள் வாசலில் சொல்லும் விலையும் பக்கத்து விடுதி வாசலில் சொல்லும் விலையும் ஒன்றாகிவிட்டன. பௌர்ணமி என்றால் ஊரே கிரிவலப் பாதையில் நிற்கும். ஆட்டோ வராது, பால் தாமதமாகும். எங்கள் நிர்வாகிக்கு அன்று பேருந்து கிடைக்காது என்பதால் அவரும் வரமாட்டார். எங்களுக்கு அது மாதம் ஒரு நாள் விடுமுறை.

பின்வரிசைக் கடைசி அறையில் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர் இருந்தார். வயது எழுபத்து நான்கு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் இளமையிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. தம்பி மகனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். எங்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பதும், எனக்குத் தினமும் இன்சுலின் போடுவதும் அவர்தான். ஊசி போடும்போது வாய் சும்மா இருக்காது. நான் முந்தின நாள் தின்ற ஜாங்கிரி எத்தனை என்று, என் முகத்தைப் பார்த்தே சொல்லுவார். பதிலுக்கு அவருடைய ஓய்வூதிய வேலைகளை நான் பார்ப்பேன். வருடா வருடம் உயிரோடு இருக்கிறார் என்று சான்று வாங்குவது, பஞ்சப்படி ஏறினால் கணக்குப் போடுவது, எல்லாம். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்கமாட்டார். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார்.

இனி விதிகளுக்கு வருகிறேன். குடியிருப்புக்கு எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை என்பதை நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து அதிர்ந்துபோனேன். நிர்வாகியின் சம்மதத்தோடு இருபத்தொரு விதிகள் எழுதினேன். ஒன்பதாம் விதி, உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், அறுபது நாள் வரை போகலாம், அத்தனை நாளைக்குச் சாப்பாட்டுப் பணம் கழிக்கப்படும் என்றது. பதினொன்றாம் விதி, உணவுக்கூடத்திலிருந்து எதையும் அறைக்கு எடுத்துப் போகக் கூடாது என்றது, எறும்பு வரும். பதினான்காம் விதிதான் எனக்குப் பெருமை தந்தது. தொடர்ந்து பதினைந்து நாள் தன் காலால் உணவுக்கூடத்துக்கு நடந்து வர இயலாதவரை அவருடைய குடும்பத்தார் அழைத்துக்கொள்ள வேண்டும். ஆள் வைத்துப் பார்க்கும் செலவு ஆயிரத்து அறுநூறில் அடங்காது என்பது சரியான கணக்கு. அந்த விதிப்படி முந்தின வருடம் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அவர் மகள் வீட்டுக்கு அனுப்பினோம். கடிதத்தை எழுதியது நான். கடிதம் நன்றாக வந்திருப்பதாக நிர்வாகி சொன்னார்.

கார்த்திகை தீபம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் எலும்பு முறிவு. முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். பதினான்காம் விதியில் இருந்தது பதினைந்து.

பத்தாம் நாள் நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, கீழ்பென்னாத்தூருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். போன வருடக் கடிதத்தின் நகலையே எடுத்து வைத்திருந்தார். பெயரை மாற்றினால் போதும் என்றார். நான் அன்று மாலை அந்த அம்மாளிடம் போய், தம்பி மகன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால் என்ன என்று பட்டும் படாமலும் கேட்டேன். பதினான்காம் விதிப்படி போனால் திரும்பி வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அறைக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பராமரிப்பதும் நான்தான்.

"அங்க ஒண்ணும் கம்மி இல்ல சார்," என்றார். "அவனும் நல்லவன், அவன் பொண்டாட்டியும் நல்லவ. என்னை ரொம்ப மரியாதையா வச்சுக்குவாங்க. நான் தும்முனாகூட எழுந்து வந்து நிப்பாங்க. அத நெனச்சாத்தான் பயமா இருக்கு. இங்கன்னா உங்கள மாதிரி நாலு பேரைத் திட்டிக்கிட்டு இருப்பேன்."

விதியைத் தளர்த்த, நானும் இருந்த நிர்வாகக் குழுவில் ஐந்தில் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும். அதுவும் என் ஏற்பாடுதான். குழுவின் பொருளாளர் வங்கி மேலாளராக இருந்தவர். ரயில்வேக்காரருக்குக் காட்டாத சலுகையை இவருக்கு எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது சரி. மற்றவர்களும் அவர் பக்கமே சாய்ந்தார்கள். ஆனால் பதில் இல்லாத இடத்தில் வேறொரு விதியைத் தேடுவதுதான் நான் முப்பத்து நான்கு ஆண்டு செய்த வேலை.

விடுப்பில் இருப்பவருக்குப் பதினைந்து நாள் கணக்கு ஓடாது. கீழ்பென்னாத்தூர்க் கடிதத்தை எழுதாமல் வைத்துவிட்டு, பதின்மூன்றாம் நாள் ஓய்வூதியக் காகிதங்களோடு சேர்த்து ஒரு விடுப்புக் கடிதத்தையும் நீட்டினேன். எங்கே கையெழுத்து என்று கேட்டார், காட்டினேன். அந்தக் கடிதத்தின்படி அவர் பௌர்ணமியன்று தம்பி மகனோடு ஊருக்குப் போய்விட்டார். நிர்வாகி வராத நாள். மறுநாள் வந்து கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, நிம்மதியாக மூச்சுவிட்டார். கோப்பு சொல்லிவிட்டால் கண்ணால் போய்ப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பின்வரிசைக்கு அவர் வந்தே பல மாதம் ஆகியிருந்தது.

விடுப்பில் இருப்பவருக்குச் சமையலில் கணக்கு இல்லை. அதனால் நாங்கள் கடத்த ஆரம்பித்தோம். பதினொன்றாம் விதியை எழுதியவன் துண்டுக்கு அடியில் இட்லி டப்பாவை வைத்துக்கொண்டு உணவுக்கூடத்திலிருந்து நடந்து வந்தான். ஒருவர் பொரியல், ஒருவர் மோர் என்று பிரித்துக்கொண்டோம். நான்காம் நாளிலிருந்து என் தட்டில் ஒரு இட்லி அதிகமாக விழுந்தது. சமையல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். காலையில் ஒன்பது மணிக்கு நிர்வாகி வருவதற்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் அந்த அம்மாளின் கட்டிலருகே வரிசையில் நிற்போம். சாப்பாட்டை எல்லோரும் முறை வைத்துக் கொண்டுவருவது புது ஏற்பாடு என்று அவரிடம் சொல்லியிருந்தேன். விடுப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான் எண்ணிப் பார்க்காதது ஒன்றுதான். அத்தையைப் பார்க்கத் தம்பி மகன் வரலாம் என்பது. விடுப்பின் பதினேழாம் நாள், ஒரு பை வேர்க்கடலையோடு பேருந்தில் வந்து இறங்கி, ஒழுங்கான மனிதர் என்பதால் நேராக அலுவலகத்துக்குப் போய் அத்தையைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். நிர்வாகி கோப்பை எடுத்துப் பார்த்து, உங்கள் அத்தை உங்கள் வீட்டில்தானே இருக்கிறார் என்றார். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுபத்து நான்கு வயதில், கால் உடைந்த அத்தையை யாரோ தன் பெயரைச் சொல்லி எங்கேயோ கூட்டிப் போய்விட்டார்கள் என்று நினைத்து, போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினார்.

நான் போய் இருவரையும் பின்வரிசைக்குக் கூட்டிவந்தேன். அந்த அம்மாள் அப்போது சமையல்காரருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நிர்வாகியே சொன்னார். அம்மாள் கருவியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் நான் இருக்கேன்னு எழுதிக் கொடுக்கற மனுஷன் நீங்க. இப்ப இல்லன்னு எழுதிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. அவருக்காக ஒரு வழி கண்டுபிடித்த மகிழ்ச்சியில், அவரைக் கேட்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவே இல்லை. அலுவலகத்திலும் அப்படித்தான் எத்தனையோ பேருக்கு நல்லது செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அதை ஏற்றுக்கொண்டதாக அவர் சொல்லவில்லை.

அன்று மாலையே குழுவைக் கூட்டினார்கள். சம்பந்தப்பட்டவரை விசாரிக்காமல் முடிவு எடுக்கக் கூடாது, அவரால் அலுவலகத்துக்கு வர முடியாது, ஆகவே கூட்டம் அவர் அறையில்தான் நடக்க வேண்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை. அந்தச் சிறிய அறையில் குழுவினர் ஐந்து பேர், நிர்வாகி, தம்பி மகன், கட்டிலில் அம்மாள். வாசலில் மற்றவர்கள் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். பொருளாளர் முதலில் பதினேழு நாளாகக் கணக்கில் இல்லாமல் போன சாப்பாட்டைக் கேட்டார். அது எங்கள் தட்டிலிருந்து போனது என்றேன். கூடுதல் இட்லிகளைப் பற்றி நான் சொல்லவில்லை, வாசலில் நின்ற சமையல்காரரும் சொல்லவில்லை.

பிறகு தம்பி மகன் எழுந்து, ஆள் வைக்கிற செலவை முழுவதும் தானே தருவதாகச் சொன்னார். அம்மாள் அவரை உட்காரச் சொன்னார். அவருடைய பெண்ணின் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியதை நான் பார்த்தேன். இறங்கியதற்காக அவர் வெட்கப்பட்டதையும் பார்த்தேன்.

நான் பதினான்காம் விதியை நீக்க வேண்டும் என்று முன்மொழிந்தேன். பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினால், இருபத்திரண்டு பேரும் பகிர்ந்துகொண்டால், தலைக்கு மாதம் அறுபது ரூபாய் வரும் என்று கணக்குச் சொன்னேன். போன வருடம் ரயில்வேக்காரருக்கு அந்தக் கடிதத்தை எழுதியபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். வாசலில் நின்றவர்களில் ஒருவர், அறுபது ஜாஸ்தி, ஐம்பது என்றால் பரவாயில்லை என்றார்.

பொருளாளர் அம்மாளைப் பார்த்து, "இது உங்க ஒருத்தருக்காகன்னு எழுதக் கூடாதும்மா. எல்லாருக்கும்னு எழுதணும்," என்றார்.

"ஏன் சார், தனியா எழுதினா என்ன?"

"எனக்கும் முட்டி சரியில்ல," என்றார் பொருளாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மாடியில இருந்து எறங்கவே பத்து நிமிஷம் ஆகுது. யார்கிட்டயும் சொல்லல."

அதற்குப் பிறகு கைகளை எண்ண வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றவர்களும், வாக்குரிமை இல்லாதபோதும், கை தூக்கினார்கள். நான் தீர்மானத்தை எழுதிக்கொண்டு போய்க் கட்டிலில் அம்மாளிடம் நீட்டினேன். சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் அவர் கையெழுத்தும் வேண்டும்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். இரண்டாம் பத்திக்கு வந்தபோது நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் படித்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே காத்திருந்தோம். பிறகுதான் பேனாவைக் கேட்டார்.