அத்தை கொண்டுவந்த சென்னை மாலை

என் அம்மா நகை செய்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது, தங்கம் என்று நினைத்துக்கொண்டு சில பிள்ளைகள் கொஞ்ச நாள் என்னோடு மிகவும் அன்பாக இருந்தார்கள். பிறகு ஒருத்தி வீட்டுக்கு வந்து பார்த்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் கண்ணாடி மணிகளும் பட்டு நூலும் கம்பியும் குறடும் பசைக் குழாயும் பரவிக் கிடந்தன. அன்றோடு அந்த அன்பு தீர்ந்தது.

நாங்கள் அப்போது கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கண்டி மாநகரசபையில் கிளார்க். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவார். இடைப்பட்ட நேரத்தில் சாப்பாட்டு மேசை அம்மாவுடையது. மணிகள் எங்கும் உருண்டு போகும். ஒருமுறை மீன் குழம்பிலிருந்து அப்பா ஒரு முத்தை எடுத்து, கழுவி, அம்மாவின் பக்கமாக வைத்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார். அந்தத் தொழிலைப் பற்றி அப்பா வெளியிட்ட ஒரே கருத்து அதுதான்.

கருத்துச் சொல்லும் பொறுப்பை அத்தை ஏற்றிருந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டுகஸ்தோட்டையில் சொந்த வீடு. அவருடைய வீட்டுக்காரருக்கு இரும்புச் சாமான் கடை. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையில் உட்காருவதற்கு முன் அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார், மணி ஏதும் கிடக்கிறதா என்று.

“பாசி கோக்குற வேலைக்கு வீடு முழுக்க இந்த அலங்கோலமா?” என்பார்.

அம்மா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போடப் போவாள்.

அத்தை சொன்னதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று அன்று எனக்குப் பட்டது. ஏனென்றால் அம்மாவின் நகைகளை வாங்க ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு ஜோடி ஜிமிக்கி வாங்கினார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் காது இரண்டுதானே. டவுனில் இரண்டு மூன்று கடைகளுக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கடைக்காரர்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நல்லா இருக்கே என்பார்கள். எங்கே செய்தது என்று கேட்பார்கள். குண்டசாலையில், நான்தான் செய்தேன் என்று அம்மா சொன்னதும் பொருள் திரும்ப அம்மாவின் கைக்கு வந்துவிடும்.

இதை மாற்றியவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆட்டோ ஓட்டினார். பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்றால் அங்கே மூன்று பேரைச் சினேகிதராக்கிக்கொள்ளும் மனிதர். அம்மா வெள்ளை அட்டையில் தானே மடித்து ஒட்டிய பெட்டிகளைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அக்கா, இதுல மருந்துக் குளிசைதான் குடுப்பாங்க. நகைய யாராச்சும் இப்படி வைப்பாங்களா?”

கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் பொன்னிறப் பெட்டிகள் வாங்கி வந்தார். உள்ளே கருஞ்சிவப்பு வெல்வெட் துணி. துணியை வெட்டி, பஞ்சின்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுவது என் வேலை. மாலையை வளைத்து வைத்து, மேலே மெல்லிய தாளை மூடி, பெட்டியைச் சாத்தும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வேண்டாத பெட்டிகளையும் திறந்து மூடுவேன்.

மாமா அவற்றை எடுத்துக்கொண்டு டவுனில் பெரிய பேன்சி கடை ஒன்றுக்குப் போனார். எங்கே செய்தது என்று முதலாளி வழக்கம்போலக் கேட்டார். “சென்னை மாடல், முதலாளி” என்றார் மாமா. மாடல் என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னதாகப் பின்னால் அவரே ஒத்துக்கொண்டார். பெட்டிகள் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் போயின. அடுத்த வாரமே இன்னும் கேட்டு ஆள் வந்தது.

வாராவாரம் சென்னையிலிருந்து ஆட்டோவில் சாமான் வராது என்பது முதலாளிக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் அம்மாவை நேரில் பார்த்தபோது அவர் வெகு மரியாதையாகப் பேசினார். பெட்டிக்குள் அம்மா வைத்திருந்த, தன் பெயர் எழுதிய சிறிய அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவிடமே கொடுத்தார். “இது வேணாம் தங்கச்சி. சாமான் போகும்” என்றார். பிறகு மூடியின்மேல் ‘சென்னை கலெக்‌ஷன்’ என்று அவரே ஒட்டிக்கொண்டார்.

அம்மா அட்டைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மறுபடி மணி கோக்க உட்கார்ந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் செய்து முடித்த மாலைகளைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

சிவப்பும் பச்சையுமாக ஒரு மாலை அந்த நாட்களில் செய்ததுதான். மூன்று சரம், நடுவில் மயில் பதக்கம். அதற்கு அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல, கோத்ததைப் பிரித்துப் பிரித்துக் கோத்தாள். கடைசியில் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மணி குறைந்தது. வெளியே மழை. டவுனுக்குப் போக வழியில்லை. என் அறுந்துபோன கைச்சங்கிலியிலிருந்து ஒரு நீல மணியை எடுத்துக்கொண்டு வந்து நான் நீட்டினேன். அம்மா யோசித்தாள்.

“சரி, பின்கழுத்துதானே. முடி மறைச்சிரும்.”

அதையும் பெட்டியில் வைத்து நான்தான் மூடினேன்.

அத்தையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அதற்குச் சில வாரங்களின் பின். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தை தட்டும் பத்திரிகையுமாக வந்தார். அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை, எனக்குப் பாவாடை சட்டை. எல்லாம் கொடுத்த பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பொன்னிறப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்தாம்மா. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுச் சனம் எல்லாம் வரும். நீ செய்றது எதையும் போட்டுக்கிட்டு வந்துராத. இது இந்தியாச் சாமான். கடை முழுக்கப் புரட்டி இதைத்தான் எடுத்தேன். திறந்து பாரு.”

அம்மா திறந்தாள். மயில் பதக்கம் மேலே தெரிந்தது.

நான் ஓடிப்போய் மாலையைத் தூக்கிக் கொக்கியைப் பார்த்தேன். நீல மணி இருந்தது. இத்தனை நாள் கதிரையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தவர், காசு கொடுத்து அம்மாவின் கைவேலையை வாங்கி அம்மாவிடமே கொண்டுவந்திருக்கிறார்! இப்படி ஒரு நாள் எல்லார் வாழ்க்கையிலும் வருவதில்லை என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது.

“அம்மா, இது நம்ம...”

“அடுப்புல தண்ணி கொதிக்குது, போய்ப் பாரு” என்றாள் அம்மா. அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஆனால் என் தோளை அவள் பிடித்த பிடியில் நான் குசினிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டேன்.

“எப்படி இருக்கு?” என்றார் அத்தை.

“ரொம்ப நல்லா இருக்கு, அண்ணி.”

“நல்லா இல்லாம? சரம் ஒண்ணுக்கொண்ணு எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாரு. முடிச்சு எங்க இருக்குன்னே தெரியல. வேலைன்னா இது வேலை.”

அப்பா இருமினார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த மாலை பல நாள் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததல்லவா.

கல்யாணம் கண்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மா அத்தை கொடுத்த சேலையைக் கட்டி, அந்த மாலையைப் போட்டிருந்தாள். அத்தை அன்றுவரை எந்த விசேஷத்திலும் அம்மாவைத் தேடிவந்து பேசியதில்லை. அன்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நடுவில் நிறுத்தி, “என் தம்பி சம்சாரம். மாலை நான் எடுத்துக் குடுத்தது. இந்தியாச் சாமான். நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு இந்தக் கைவேலை வராது” என்றார்.

அம்மா தலையைக் குனிந்து நின்றாள். கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அம்மாவின் பின்னலைத் தூக்கிக் கொக்கியைப் பார்த்தாள்.

“இதென்ன, இங்க மட்டும் ஒரு நீலம்?”

எனக்கு மூச்சு நின்றது. அத்தைக்கு ஒன்றும் நிற்கவில்லை.

“அது கண்ணூறு படாம இருக்க. இந்தியாவுல இப்ப அப்படித்தான் வைக்கிறாங்க.”

அந்தப் பெண் மதிப்போடு தலையை ஆட்டினாள். அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்த வாரம் அம்மா புதிதாகச் செய்த மாலைகளை எடுத்துக்கொண்டு, மாமாவின் ஆட்டோவில் அந்தக் கடைக்குப் போனாள். நானும் போனேன். முதலாளி பெட்டியைத் திறந்தார். உள்ளே மறுபடியும் பெயர் அட்டை இருந்தது. அவர் எடுக்கப் போனபோது அம்மா பெட்டியின்மேல் கையை வைத்தாள்.

“அது இருக்கட்டும், அண்ணன். மேல ஒட்டுறதையும் இனி ஒட்ட வேணாம்.”

“ஊர் ஆள் பேரப் போட்டா யாரு வாங்குவா, தங்கச்சி? நான் ஒங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“தெரியும். ஆனா இனி இப்படித்தான்.”

“அப்ப எனக்குச் சரிவராது.”

அம்மா கோபப்படவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிப் பையில் வைத்தாள். வாறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். திரும்பும் வழியெல்லாம் மாமா புலம்பினார். பேசாமலிருந்தால் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த வியாபாரம் என்றார். நானும் மாமாவின் பக்கம்தான். அத்தையிடம் வாயைத் திறந்து சொல்லவேண்டியதைச் சொல்லாமல், எங்களுக்கு நல்லது செய்த மனிதரிடம் போய் ஏன் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பல மாதங்கள் ஒன்றும் விற்கவில்லை. பெட்டிகள் அலுமாரியின்மேல் அடுக்கிக் கிடந்தன. அம்மா கோப்பதை நிறுத்தவில்லை. பிறகு மாமாவே மனம் இளகி, தன் போனில் படம் எடுத்துப் பேஸ்புக்கில் அம்மாவின் பெயரிலேயே ஒரு பக்கம் திறந்தார். முதலில் திகனவிலிருந்து ஒரு டீச்சர் கேட்டார். அவர் வழியாக இன்னும் சிலர். கூரியர்காரர் எங்கள் மாடிப்படி ஏறிவரத் தொடங்கினார்.

அப்படி ஒருநாள் அனுப்பத் தயாராக மாலைகள் மேசையில் கிடந்தபோது அத்தை வந்தார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சரங்களைத் தள்ளிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

“பரவாயில்ல” என்றார் அத்தை. “ஆனா சும்மா சொல்லக் கூடாது, நான் எடுத்துக் குடுத்தேனே, அந்த இந்தியாச் சாமான் மாதிரி வரல.”

“அது எப்படி வரும், அண்ணி” என்றாள் அம்மா.

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குப் போனவள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். பின்னாலேயே போன நான் அழுதேன். அவளை எல்லாரும் ஏய்க்கிறார்கள், அவளுக்கோ ரோசமே இல்லை என்று நினைத்தேன். அம்மா என்னைப் பிடித்து அணைத்துக்கொண்டு இன்னும் சிரித்தாள்.

யார் செய்தது என்று தெரியாமல் அத்தை ஒரு கடை முழுவதையும் புரட்டிவிட்டு அதைத்தான் எடுத்தார். தன் பெயரைத் துணிந்து போடவும் அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. சொல்லியிருந்தால் அத்தை அந்த நிமிடமே அதில் பத்துக் குறை கண்டுபிடித்திருப்பார். அம்மாவின் வேலையைப் பற்றி அவர் மனதாரச் சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் போயிருக்கும். அம்மா தோற்றுப்போனதாக நினைத்துத்தான் நான் அன்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.