சவரிமுத்து பின்னிய குல்லாக்கள்

போன செவ்வாய்க்கிழமை மருந்துப் பெட்டிகளை எடுத்துப்போகப் பெரகல சந்திக்கு வந்திருந்தேன். அப்புத்தளையிலிருந்து இறங்கிய மாட்டுவண்டி கூண்டெல்லாம் நனைந்து கடை வாசலில் நின்றது. வண்டிக்காரர் கறுப்பையா பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே, "ஐயாவுக்குச் சேதி தெரியுங்களா? ஒங்க பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி சவரிமுத்து போயிட்டாருங்க" என்றார்.

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க. குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறுச்சாம். எறச்சு எறச்சுத்தான் வச்சாங்களாம்."

பெட்டிகளை ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கொஸ்லந்தைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனைவி முன்னமே போய்விட்டாள். துக்கம் கேட்கப் போனால் யாரிடம் கேட்பது? ஆகவே அவரை அறிந்த தோட்டத்து மக்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன். கோயிலில் அவருக்காகப் பூசை வைக்கும் நாளில் யாராவது இதை வாசித்துக் காட்டினால் போதும்.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது மார்கழிக் குளிரில். பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவனாக இருந்தும், அப்புத்தளை மலைமுகட்டின் காற்று அப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வேலைக்கு வந்த என்னை முதல் நாளே எல்லாரும் டாக்டரய்யா என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி என்பது தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். அதன் தாழ்வாரத்தில், அடர்ந்த மீசையும் தடித்த விரல்களுமாக ஓர் ஆள் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு கம்பிகளால் எதையோ பின்னிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். மருந்து வாங்க நின்ற பெண்களும் எனக்காகக் காத்திருந்தவர்கள்போலச் சேர்ந்து சிரித்தார்கள்.

"பாருங்கய்யா, ஆம்பளை செய்யிற வேலையா இது?" என்றாள் ஒருத்தி.

அவர் நிமிரவில்லை. "குளுரு ஆளப் பாத்தா வருது?" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த வரிசையை முடித்தார். பிறகு எழுந்து என் பெட்டியைத் தூக்கினார். ஆஸ்பத்திரி உதவியாள் சவரிமுத்து அவர்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நாளடைவில் நான் அவரை அண்ணே என்று அழைக்கலானேன். அவர் மட்டும் கடைசிவரை ஐயா என்பதை விடவில்லை.

அவர் பின்னியது பச்சைக் குழந்தைகளுக்கான குல்லா. கம்பிகள் கிழிந்த குடையிலிருந்து எடுத்தவை. முனைகளைப் பாறையில் தேய்த்து மழுக்கி, தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். பங்களாவில் ஓட்டை விழுந்த காலுறைகளையும் பழைய கம்பளிச் சட்டைகளையும் துரையின் சமையல்காரரான அப்பு இவரிடம் தள்ளிவிடுவார். சவரிமுத்து அவற்றைப் பிரித்து, வெந்நீரில் அலசி, சுருக்கம் போகக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். குல்லாவில் சிக்கலான வேலை எதுவும் கிடையாது. விளிம்பு காதைக் கவ்விப் பிடிப்பதற்காக முதல் சில வரிசைகள் ஒரு கண்ணி முன்னும் ஒரு கண்ணி பின்னுமாகப் போகும். பிறகு நாலு விரல் உயரத்துக்கு நேர்ப் பின்னல். உச்சி நெருங்கும்போது இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே வந்து, மிஞ்சியவற்றுக்குள் நூலைக் கோத்து இழுத்தால் பை வாய் சுருங்குவதுபோல மூடிக்கொள்ளும். பக்கவாட்டைத் தைத்துவிட்டால் முடிந்தது. ஆனால் தையலை அவர் எப்போதும் வெளிப்பக்கம்தான் விடுவார். பார்க்க அசிங்கமாக இருக்கும். "என்ன அண்ணே, பொரட்டிப் போட்ட மாதிரி இருக்கு?" என்று ஒரு தாய் குறை சொன்னபோது, "பாக்குறவங்களுக்கு அசிங்கமா இருந்தா இருக்கட்டும்மா. உள்ள இருக்குற தலைக்கு உறுத்தக் கூடாது" என்றார்.

இந்த வேலையை எங்கே கற்றார் என்று ஒரு மத்தியானம் கேட்டேன். மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. நோயாளிகள் யாரும் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் சண்டையில் பிடிபட்ட வெள்ளைக்காரர்களைத் தியத்தலாவை முகாமில் வைத்திருந்த காலத்தில், சவரிமுத்து அங்கே விறகு சுமக்கப் போயிருந்தார். மனைவி அந்தோணியம்மாள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அடைமழையில் பெண் குழந்தை பிறந்தது. கூரை ஒழுகிற்று. போட்டு மூட இருந்தது ஒரே ஒரு கம்பளி, அதுவும் ஈரம். குழந்தை சில்லிட்டுப் போகிறது என்று சேதி கிடைத்து இவர் ஓடி வந்தபோது குழந்தையைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். "இந்தக் கையால முதல்ல தொட்டது அது தலையத்தான். மலையில இருந்து விழுற பீலித் தண்ணி மாதிரி சில்லுன்னு இருந்துச்சு" என்றார்.

மறுபடி முகாமுக்குப் போனார். அங்கே மஞ்சள் தாடி வைத்த ஒரு கைதி, சவரிமுத்துவைவிட இளையவன், மரக்குச்சிகளால் குல்லா பின்னிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பானாம். தினமும் விறகோடு வந்தவனை ஏன் இத்தனை நாளாகக் காணவில்லை என்று கையால் கேட்டான். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. சவரிமுத்து கைகளால் குழந்தையின் நீளத்தைக் காட்டி, பிறகு மண்ணைக் காட்டினார். அவன் பின்னலை மடியில் வைத்துவிட்டு வெகு நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தானாம். பிறகு தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"அவன் எனக்குச் சொல்லிக் குடுக்கலய்யா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். வேற எங்கயும் பாக்கப் புடிக்கல" என்றார் சவரிமுத்து.

இதைக் கேட்டவர்கள் அவரை நல்ல மனம் படைத்தவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவருடைய வீட்டில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஒருநாள் அந்தோணியம்மாளுக்குக் காய்ச்சல் என்று மருந்து கொண்டு போனேன். சவரிமுத்துவின் சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் உருண்டை எட்டிப் பார்த்தது. அதைக் கண்டவள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, ஆஸ்பத்திரியில இவரு என்ன வேணா செய்யட்டும். அந்த நூலு இந்தக் காம்பராவுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஏம்மா அப்படி?"

"எம் புள்ள வெறுந்தலையோட போச்சுங்க. ஊரான் புள்ளைகளுக்கெல்லாம் இவரு பின்னிப் பின்னிப் போடுறத நான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?"

சவரிமுத்து வெளியே போய்ப் பீலியடியில் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றபோது, "அவ சொல்றதுல தப்பு இல்லீங்க" என்றார். அவர்களுக்குப் பிறகு பிள்ளை பிறக்கவே இல்லை. அந்த நாளுக்குப் பின் நூல் உருண்டை ஆஸ்பத்திரி அலமாரியைத் தாண்டவும் இல்லை.

குல்லா நோயைத் தடுக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் குல்லா போட்ட ஒரு குழந்தை சளி கட்டி இறந்தபோது லயத்தில் வேறு பேச்சு கிளம்பியது. உச்சியை மூடியதால்தான் பிள்ளைக்கு மூச்சு முட்டியது என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் கையால் செய்ததைப் போட்டால் பிள்ளை தங்குமா என்றார்கள். பெரிய கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் கேட்க, "இனிமே எவ புள்ளைக்காவது அந்த எழவுக் குல்லாவப் பாத்தேன், அப்புறம் இருக்கு" என்று கத்தினார். அன்று பின்னேரத்துக்குள் லயத்துச் சாக்கடைக் கான் முழுக்கக் குல்லாக்கள் கிடந்தன. சவரிமுத்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வாசல்களில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவற்றைச் சேறு போக அலசி, ஆஸ்பத்திரிச் சமையலறை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயப் போட்டார்.

"விட்டுடுங்க அண்ணே, கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

"போகட்டுங்க. குளுரு போகுமா?"

அந்த வருஷ மழை முழுவதும் யாரும் வரவில்லை. ஒருத்தி மட்டும் வந்தாள். செல்லாயி என்று பெயர். இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்து மண்ணுக்குக் கொடுத்தவள். நிறைமாத வயிற்றோடு படியேறி வந்து, "கங்காணி ஏசுனா ஏசட்டும். எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். கயிற்றில் காய்ந்ததைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒன்று பின்னிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை பிழைத்தது. குல்லாவால் பிழைத்ததா என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன்பிறகு பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பவும் படியேறத் தொடங்கினார்கள். கங்காணியும் பார்த்தும் பாராதவர்போல இருந்துவிட்டார். கானில் கிடந்ததைப் பற்றி சவரிமுத்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிகிற சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழுந்து எடுக்க ஆள் இல்லாமல் மலை வெறிச்சோடிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் அறைகளிலும் தாழ்வாரத்திலும் பாய் விரித்தோம். அந்தோணியம்மாளும் வந்து சேர்ந்தாள். காய்ச்சல் தலைக்கு ஏறிப் பிதற்றியதால் அவளுடைய நீண்ட முடியைக் கத்தரித்தோம். காய்ச்சல் இறங்கிய ஒரு காலையில் அவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தலை குளுருது" என்றாள்.

அலமாரியில் இருந்தவை எல்லாம் குழந்தைக் குல்லாக்கள். சவரிமுத்து நூலை எடுத்து வந்தார். வாசற்படியில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் கால்களை மடக்கி இடம் விட்டாள். அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். நான் பக்கத்துப் பாயில் ஒருவனுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு செய்ய இம்புட்டு நேரமாகுமா?"

"ஆமா."

"நான் சட்டுன்னு வந்துரும்னு நெனச்சேன்."

அவர் கண்ணிகளை நகர்த்தினார். சற்றுப் பொறுத்து அவள், "அவளுக்குன்னா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். சின்னத் தலை" என்றாள்.

"ஆமா. ரொம்பச் சின்னது" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒன்றாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். சாயங்காலத்துக்குள் குல்லா முடிந்தது. அவளே வாங்கித் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். மறுநாள் காய்ச்சல் மீண்டும் ஏறியது. மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அவளை அடக்கத்துக்குக் கொண்டுபோனோம். சவரிமுத்து குல்லாவின் விளிம்பை ஒருமுறை காதுக்குக் கீழே சரிசெய்தார். அதை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை.

பிறகு அவர் லயத்துக் காம்பராவுக்குப் போவதை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டார். பின்னுவதை நிறுத்தவில்லை. ஆனால் முன்போல நிமிர்ந்து வம்புக்குப் பதில் சொல்கிறவராக இல்லை. நெஞ்சில் இருமல் தங்கிவிட்டது; நான் கொடுத்த மருந்துகள் எதுவும் அதை அசைக்கவில்லை. போன வருஷம் எனக்கு இந்தக் கீழ்த் தோட்டத்துக்கு மாற்றல் வந்தபோது அப்புத்தளை வரை பெட்டியைச் சுமந்து வருவேன் என்று அடம் பிடித்தார். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்கய்யா. கீழ எறங்கினா வெயிலுதான். ஒங்களுக்கு நல்லது" என்றார். நான் பார்த்த கடைசி முகம் அது.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. குழந்தை இறந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போக வேண்டியிருக்கும். நான் போனால், ஆண்டவன் விருப்பம் என்பேன், இன்னொன்று பிறக்கும் என்பேன், வெளியே வந்துவிடுவேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். சவரிமுத்து போனால் தரையில் உட்கார்ந்து, தகப்பனைப் பார்த்து, "பேரு என்ன வச்சீங்க?" என்று கேட்பார். பெயர் வைக்குமுன் இறந்த குழந்தையாக இருந்தால், "என்ன வைக்கலாம்னு இருந்தீங்க?" என்பார். அவர் அப்படிக் கேட்டு, பதில் சொல்லாத ஒரு வீட்டையும் நான் கண்டதில்லை.

பெரகலயில் சேதி கேட்ட அந்த வாரமே இங்கே ரப்பர் மலையடி லயத்தில் ஒரு குழந்தை இறந்தது. ஒரு வாரம்கூட இருக்காத பிள்ளை. நான் போனேன். வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தகப்பன் சுவரோடு சாய்ந்து கிடந்தான்.

"பேரு என்னப்பா வச்சீங்க?" என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னும் வைக்கலீங்க" என்றான். பிறகு உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்: "ராசாத்தின்னு வைக்கணும்னு இருந்தேங்க." சொல்லிவிட்டு, அதுவரை அழாதவள் அழுதாள். அவனும் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சவரிமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான்.