ஓரகத்தி கொடுத்த விதைமல்லி

ஓடைப்பட்டிப் பக்கம் எங்கள் காடும் என் மூத்த ஓரகத்தியின் காடும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு வரப்புதான். ஐப்பசி மழைக்கு இரண்டு பேருமே கொத்தமல்லி விதைப்போம். அவள் மல்லி பூத்தால் போதும், போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிடுவாள். சொந்தக்காரர்கள் என்னிடமே வந்து, "அக்கா காட்டைப் பாத்தீகளா?" என்பார்கள். பார்க்காமல் என்ன, தினமும் கண்ணெதிரே நிற்கிறதே! வயிறு எரியும். ஒரு வருஷமாவது என் மல்லியைப் பார்த்து ஊர் வாயைப் பிளக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

போன ஐப்பசியில் அவளுக்கு முன்னால் விதைத்துவிட வேண்டும் என்று ஒரே வெறி. மல்லியை முழுசாகப் போட்டால் சரியாக முளைக்காது. ஒவ்வொரு மல்லி மணிக்குள்ளும் இரண்டு விதை இருக்கும். தரையில் பரப்பிக் காலால் பதமாகத் தேய்த்து, இரண்டாகப் பிரித்துத்தான் விதைப்போம். எனக்கு அதற்குப் பொறுமை ஏது? அம்மிக் குழவியைப் போட்டு உருட்டினேன். விதை நசுங்கியது தெரியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது.

வரப்பில் நின்று பார்த்தவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். "மழை இன்னும் இருக்குத்தா, திரும்ப உழுது வெதச்சிரு" என்று, தான் தேய்த்து வைத்திருந்த விதையில் மிச்சத்தைப் பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன ஒரு பெருந்தன்மை! பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் வாங்கி விதைத்தேன்.

பிந்தி விதைத்ததே எனக்கு யோகமாகப் போயிற்று. அவள் பயிர் பூவில் நின்றபோது அடைமழை பிடித்துப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. என்னுடையது வெயிலில் பூத்துக் காய்த்துத் தள்ளியது. தேனியில் கமிஷன் கடைக்காரர் ஒரு கை அள்ளி மோந்து, "யாரு காட்டு மல்லி இது? இப்பிடி வாசம் பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "எங்க மதினி குடுத்தாக அண்ணாச்சி, அவுக வெத" என்றார், பல்லெல்லாம் தெரிய. விதை அவளுடையது, சரி. குனிந்து களையெடுத்த இடுப்பு யாருடையதாம்? பஸ்ஸில் அவர் பிடித்துவைத்த இடத்தை விட்டுவிட்டு, முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுவாரம் அவளே பையோடு வந்தாள். "என் மல்லி வெதைக்கு ஆகாதுத்தா. ஒன் மல்லியில ரெண்டு படி குடேன்."

ஒன் மல்லி! அந்த ஒரு சொல்லுக்கே குளிர்ந்துபோய், படியைக் குவித்துக் குவித்து அளந்தேன். அவள் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"நம்ம வெத, எங்கன போட்டாலும் நல்லாத்தேன் வருது, என்னத்தா?"

அளந்து போட்டதைத் திரும்பக் கொட்டச் சொல்லவா முடியும்? "ஆமாக்கா" என்றேன்.